சிற்றறையில் விசாலம்

புதிய வீட்டில் குடிபுகுந்தவர் எவரும் ஒரு விந்தையைக் கண்டிருப்பார். மண்ணில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்ட நாளில் அடக்கமாகத் தெரிந்த அறை, சுவர் எழும்பியதும் சற்றே பெரிதாகவும், பூச்சு முடிந்து வெள்ளையடித்ததும் இன்னும் பெரிதாகவும் தோன்றி, சாமான்கள் வந்து இறங்கிய மறுநாளே மூச்சுமுட்டும்படி சுருங்கிப் போய்விடும். அந்த நாட்களில் அறையின் நீள அகலம் ஓர் அங்குலமும் மாறவில்லை. மாறியவை, கண்ணுக்கு அகப்படும் தரையும் மூலைகளுக்கு எட்டும் வெளிச்சமுமே. ஆகையால் சிறிய அறையை விசாலமாகத் தோன்றச் செய்ய விரும்புகிறவர், எதை வாங்கி வைக்கலாம் என்ற யோசனையைச் சிறிது காலம் ஒத்திவைத்து, எதை எடுத்துவிட்டால் தரை தெரியும், எதை நகர்த்தினால் வெளிச்சம் கடைசி மூலை வரை போகும் என்று பார்ப்பதிலிருந்து தொடங்குவதே முறையாகும். அலங்காரம் என்பது அதற்குப் பிறகு வருவது. பல வீடுகளில் அதற்கு அவசியமே ஏற்படுவதில்லை.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட ஓமந்தூரிலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் இந்த விஷயம் பொழுதுபோக்குக்காகப் பேசப்படுவதன்று. கூரை வீடும் ஓட்டு வீடும் இருந்த மனைகளில் இன்று எழும்புகிற காங்கிரீட் வீடுகளில் பல அரசாங்கத் திட்டங்களின் அளவையே தம் அளவாகக் கொண்டவை. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 300 சதுர அடி; மத்திய அரசின் ஆவாஸ் திட்டத்தில் கிராமப்புறத்துக்கு விதித்த குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி; 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. இந்த அளவுக்குள் கூடம், படுக்கையறை, சமையற்கட்டு ஆகிய மூன்றையும் அடக்க வேண்டியிருப்பதால், மேஸ்திரி யாராயினும் கடைசியில் வந்து நிற்கும் கணக்கு பத்துக்குப் பத்து என்பதே. இந்தியாவின் தேசியக் கட்டட நெறிமுறை, மனிதர் வசிக்கும் அறைகளில் ஒன்றாவது குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்புடையதாக இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறை 9.3 சதுர மீட்டர்தான். விதிக்கு ஒரு முழத்துண்டு அளவு குறைந்து நிற்கிற இந்த அறையையே இந்த அதிகாரம் முழுவதும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் அந்த அறையின் வரவு செலவைப் பார்ப்பது நலம். மொத்தம் 100 சதுர அடி. கல்யாணத்துக்கு வந்த கட்டில் ஆறேகால் அடி நீளமும் நான்கடி அகலமும் உடையதாகையால் 25 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. பீரோ மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்டு நாலரைச் சதுர அடியில் நிற்கிறது. அதன் கதவுகள் திறப்பதற்கு முன்னால் அதே அளவு இடத்தை வெறுமையாக விட்டாக வேண்டும். டி.வி. வைக்கிற ஸ்டாண்டு 6 சதுர அடி. மூன்றடிக் கதவு உள்பக்கமாகத் திறப்பதானால் அது சுழலும் கால்வட்டம் மட்டும் 7 சதுர அடியை விழுங்குகிறது. இதை ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகக்கூடி, பிளாஸ்டிக் நாற்காலி, அரிசி மூட்டை, தையல் இயந்திரம் ஆகியவற்றைச் சேர்க்காமலேயே அறையில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. எஞ்சிய பாதியும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தால் அதில் நான்கு பேர் சம்மணமிட்டு உட்காரலாம். அங்கொரு திட்டும் இங்கொரு சந்துமாகச் சிதறிக் கிடந்தால் ஒருவர் நடப்பதற்கும் உடலைத் திருப்ப வேண்டியிருக்கும். ஆதலால் சாமான்களைக் குறைக்க இயலாதவர்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: காலியான தரை முழுவதும் ஒரே துண்டாக, அதுவும் வாசலில் காலெடுத்து வைத்ததும் கண்ணில் படும்படி அமையுமாறு, எல்லாவற்றையும் ஒரு பக்கச் சுவரோடு ஒதுக்குவது. நான்கு சுவருக்கும் சமமாகப் பங்கிட்டு நடுவில் இடம் விடுகிற வழக்கம் கல்யாண மண்டபத்துக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை பதவி வகித்து, பின்னர் அதை விட்டு நீங்கி, வடலூரில் வள்ளலார் நெறியில் தொண்டு செய்யச் சென்ற ஓ.பி. இராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் ஓமந்தூர். உடைமையைச் சுருக்கிக்கொள்ளும் உபதேசத்தை இவ்வூராருக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பெண்ணுக்குச் சீர் என்று வருகையில் எந்த உபதேசமும் நிற்பதில்லை என்பதையும், அந்தச் சீர்ச் சாமான்களில் ஒன்றை வெளியேற்றுவது இரண்டு குடும்பங்களின் மனத்தாங்கலில் கொண்டுபோய் விடும் என்பதையும் அறிந்தே இதை எழுதுகிறேன். ஆகவே பீரோ இருக்கட்டும். அது எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆறரை அடி உயரப் பீரோ நின்றால், உள்ளே வருகிறவரின் பார்வை எதிர்ச் சுவரைத் தொடாமல் பீரோவின் கதவில் முட்டித் திரும்புகிறது. அறை ஒன்றரை அடி குறுகிவிடுகிறது. அதே பீரோவை வாசற்கதவு இருக்கும் சுவரிலேயே, நுழைகிறவரின் முதுகுக்குப் பின்னால் வரும்படி நிறுத்தினால், அது அறையில் இருப்பதே முதற்பார்வையில் தெரியாது. உயர்ந்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதுவே விதி. பரணுக்கும் இதுவே. ஏழடி உயரத்தில் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும் காங்கிரீட் பரணை இனிமேல்தான் வார்க்கப் போகிறவர்கள், வாசல் பக்கச் சுவரில் வார்க்கும்படி மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே எதிர்ச் சுவரில் வார்த்துவிட்டவர்கள், அதன் முகப்பையும் அடிப்பாகத்தையும் சுவரின் நிறத்திலேயே அடித்து, அண்டா குண்டாக்களும் பழைய சூட்கேசும் வெளியே தெரியாதபடி அதே நிறத்தில் ஒரு துணித் திரையை அதற்கு முன்னால் தொங்கவிடலாம்.

பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுகையில் நம் நாட்டு வாழ்க்கைமுறைக்கே உரிய ஒரு சௌகரியத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மேல்நாட்டார் எழுதிய வீட்டு அலங்கார நூல்களெல்லாம், மனிதன் நாற்காலியில் உட்கார்ந்து அறையைப் பார்க்கிறான் என்ற அனுமானத்தின்மேல் எழுதப்பட்டவை. தரையில் பாய் விரித்து உட்காருகிறவருக்குக் கண்மட்டம் ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில் அமைவதால், பத்தடி உயரக் கூரை நாற்காலியில் இருப்பவருக்குத் தோன்றுவதைவிட உயரமாகத் தோன்றுகிறது. ஆனால் அதே காரணத்தால், இரண்டரை அடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு பொருளும் அவருக்கு ஒரு சுவராகிவிடுகிறது. சோபா செட்டு பத்துக்குப் பத்து அறையில் செய்கிற அநியாயம் இதுதான்: இருவர் உட்காருவதற்காக அது ஐவருடைய இடத்தை எடுத்துக்கொண்டு, தரையில் உட்காரும் மற்றவர்களைப் பள்ளத்தில் இருப்பவர்களாக்கிவிடுகிறது. சோபா வேண்டாம் என்பதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, தீர்ப்பாகவே சொல்கிறேன். கட்டிலைப் பற்றி அவ்வாறு சொல்ல மாட்டேன். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கட்டில் வேண்டியதே. அதை மூலையில் நீளவாட்டில் சுவரின் ஓரமாகப் போட்டு, அதன் அடியில் டிரங்குப் பெட்டியும் வெங்காய மூட்டையுமாகத் திணித்து வைப்பதை மட்டும் விட்டுவிட்டால், கால்களுக்கிடையே தரை கடைசிச் சுவர் வரை ஓடுவது தெரியும். அந்தத் தெரிதலே போதும். முடியாதவர்கள் அடிப்பாகத்தை இழுப்பறைகளாகச் செய்து மூடிவிடலாம். பாதி மூடியும் பாதி பிதுங்கியும் கிடக்கிற நிலையே அறையைக் குறுக்குகிறது. இளையவர்களுக்குக் கோரைப்பாயை மிஞ்சிய படுக்கை இல்லை. இரவில் 18 சதுர அடியில் விரியும் பாய், காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் ஒரு சாண் இடத்தில் அடங்குகிறது.

அறையின் குறுக்கே கட்டிய கொடியை அவிழ்த்துவிடுங்கள். துணி காயாத ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதை மறுபடியும் கட்டிக்கொள்ளலாம்.

பழைய தெருக்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளுள் ஒன்றின் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தால், திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம் எல்லாவற்றையும் ஊடுருவிக் கொல்லையிலுள்ள முருங்கை மரம் வரை பார்வை தடையின்றிச் செல்வதைக் காணலாம். அந்த வீடுகளின் அறைகள் பெரியவையல்ல. பல அறைகள் இன்றைய பத்துக்குப் பத்தைவிடச் சிறியவை. காற்றும் வெளிச்சமும் குறைந்தவை. ஆயினும் கதவுக்கு நேர் கதவு வைத்த அந்த ஒழுங்கு, குடியிருப்பவருக்குக் கொல்லையையும் தெருவையும் சேர்த்து அனுபவிக்கக் கொடுத்தது. புதிய வீட்டில் வாசற்கதவும் பின்கதவும் நேர்க்கோட்டில் அமைந்திருந்தால் அதைப் பெரும் பாக்கியமாகக் கருதி, அந்தக் கோட்டில் பிரிட்ஜோ, தண்ணீர்க் குடமோ, சைக்கிளோ நிற்காதபடி காத்துக்கொள்ள வேண்டும். நேர்க்கோட்டில் இல்லையானால், அறையின் மிக நீண்ட பார்வைக்கோடு எது என்று கண்டு—சதுர அறையில் அது வாசல் மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செல்லும் மூலைவிட்டம்; பத்துக்குப் பத்து அறையில் 14 அடிக்கும் சற்று மேல்—அந்த எதிர் மூலையை வெறுமையாகவும் வெளிச்சமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறானது. துடைப்பம், குடை, ஓடாத டேபிள் ஃபேன், எண்ணெய் டின் எல்லாம் போய்ச் சேருமிடம் அந்த மூலைதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். வெப்பமும் ஈரமும் கூடிய பிரதேசங்களில் ஜன்னல் முதலிய திறப்புகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று முன் சொன்ன நெறிமுறை கூறுகிறது. நம் அறைக்கு அது ஏறத்தாழ 17 சதுர அடி. மூன்றடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட ஒற்றை ஜன்னல் வைத்துவிட்டு, அதிலும் பாதியை ஸ்பிரிங் கம்பியில் கோத்த தடித்த திரையால் மறைத்துக்கொண்டு, அறை இருட்டு என்று குறைப்படுவது நியாயமன்று. இருக்கும் ஜன்னலைப் பெரிதாக்க முடியாதவர்கள், அதன் முழு அளவையும் பயன்படுத்தலாமல்லவா? திரைக் கம்பியை ஜன்னல் சட்டத்தில் அடிக்காமல், கூரைக்குச் சற்றுக் கீழே, சட்டத்தின் இருபுறமும் ஓரடி நீளும்படி சுவரில் அடித்தால், பகலில் திரை முழுவதும் சுவரின்மேல் ஒதுங்கிக்கொள்ளும். ஜன்னல் முழுதும் திறந்துகொள்ளும். உயரத்திலிருந்து தொங்கும் துணி சுவரையே உயர்த்திக் காட்டும். துணிக்குப் பழைய மல் வேட்டியே உத்தமம். வெயிலை வடிகட்டி உள்ளே விடுவதில் அதற்கு நிகரான கடைத்துணி கிடையாது.

திசையையும் அறிந்துகொள்வது பயன் தரும். ஓமந்தூர் பூமத்தியரேகைக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்று அதிகமான இடத்தில் இருப்பதால், சூரியன் ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வந்து, இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கில் சாய்ந்து செல்கிறது. ஆகவே வடக்கு ஜன்னலில் அக்னி நட்சத்திர நாட்களில் நடுப்பகல் வெயில் எட்டிப்பார்த்தாலும், அது ஏறத்தாழ தலைக்கு மேலிருந்து வருவதால் ஒன்றரை அடிச் சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். வருஷம் முழுவதும் மிருதுவான வெளிச்சம் தருவது வடக்கு ஜன்னலே. தெற்கு ஜன்னல் மார்கழியில் இதமான வெயிலை உள்ளே இழுத்துவரும். மேற்கு ஜன்னலைத் தவிர்க்க முடியாதவர்கள் அதற்கு வெளியே—உள்ளே அல்ல—ஒரு படர்கொடியையோ தென்னங்கீற்றுத் தட்டியையோ வைத்துக்கொள்ளலாம்.

சந்துக்குள் திறக்கும் ஜன்னல் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. மூன்றடிச் சந்துக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர் பூசப்படாத செங்கல்லாகவோ பாசி படர்ந்தோ இருந்தால், உங்கள் ஜன்னலுக்குக் கிடைப்பது அந்தச் சுவர் திருப்பியனுப்பும் மங்கல் வெளிச்சமே. "அண்ணே, சந்துப்பக்கம் உங்க செவுத்துக்கும் சேத்து நானே வெள்ளையடிச்சிடறேன், சுண்ணாம்பு என் செலவு" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. ஜன்னலுக்கு எதிரே வெயில் படுகிற வெண்சுவர் ஒன்று இருப்பது, அறைக்குள் இன்னொரு ஜன்னல் திறந்தாற்போல் பயன் தரும்.

இனி நிறம். புதிதாக வெள்ளையடித்த சுவர், தன்மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு அளவைத் திருப்பி அனுப்புகிறது. கருநீலமும் காப்பிக் கொட்டை நிறமும் பெரும்பகுதியை உண்டுவிடுகின்றன. ஒரு சுவர் திருப்பியனுப்பிய வெளிச்சத்தை அடுத்த சுவர் வாங்கி மறுபடியும் திருப்ப வேண்டியிருப்பதால், இந்த வித்தியாசம் ஒவ்வொரு சுவரிலும் பெருகிக்கொண்டே போய், ஜன்னலுக்கு எட்டாத மூலையில் மிகப் பெரிதாகி நிற்கிறது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓபர்ஃபெல்ட், ஹெக்ட் முதலிய உளவியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இங்கே சொல்லத்தக்கது. கூரை வெளிர்நிறமாக இருந்தால் அறை உயரமாகத் தோன்றுகிறது. சுவரும் வெளிர்நிறமாக இருந்தால் அந்த உயரம் இன்னும் கூடுகிறது. கூரைக்கும் சுவருக்கும் நிறபேதம் இருப்பதனால் தனி நன்மை ஒன்றும் விளைவதில்லை. தரையின் நிறமோ உயரத்தின் தோற்றத்தை மாற்றுவதேயில்லை. இதைப் படித்தபோது, சுவரும் கூரையும் சுண்ணாம்பு வெள்ளை, தரை மட்டும் சிவப்பு ஆக்ஸைடு என்று அமைத்துக்கொண்ட நம் பழைய கொத்தனார்களுக்கு ஒரு நற்சான்று கிடைத்ததாகவே எண்ணினேன். அழுக்கு தெரியாமலிருக்கவும், மிதிக்கக் குளிர்ச்சியாக இருக்கவும் அவர்கள் தரைக்குச் செந்நிறம் கொடுத்தார்கள். அதனால் விசாலத்துக்கு ஒரு நஷ்டமும் நேரவில்லை. கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் போட்டால்தான் அறை பெரிதாகத் தெரியும் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பி, மழைக்காலத்தில் பெரியவர்களை வழுக்கி விழச்செய்வது புத்திசாலித்தனமாகாது.

நான்கு சுவரில் ஒரு சுவருக்கு மட்டும் பளிச்சென்ற ஊதாவோ ஆரஞ்சோ அடிப்பது இப்போது பெயின்டர்களின் பழக்கமாகிவிட்டது. சிறிய அறையில் அது அந்தச் சுவரை நம்மை நோக்கி நகர்த்திக் காட்டும். நெடுக்குக் கோடுகள் உயரத்தைக் கூட்டும் என்று சொல்லிக் கோடு போட்ட காகிதம் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குறுக்குக் கோடுகள் நிறைந்த சதுரமே உயரமாகவும், நெடுக்குக் கோடுகள் நிறைந்தது அகலமாகவும் தோன்றுகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி எடுத்துக்காட்டியிருக்கிறார். கோடே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சுண்ணாம்பு அடிப்பவர்களுக்குச் சில விவரங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் நீற்றி, ஒரு நாள் முழுவதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கோந்தும் சிட்டிகை நீலமும் கலந்துகொள்ள வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்குமாகையால் குழந்தைகளை அண்டவிடக் கூடாது. தெளிநீர்கூடக் கண்ணில் படலாகாது. முதற்பூச்சை மேலிருந்து கீழாகவும் அடுத்ததைப் பக்கவாட்டிலும் இழுத்து, ஒன்று காய்ந்த பின்னரே மற்றொன்றை இட்டு, மூன்று பூச்சு கொடுத்தால் சுவர் பால்போல் திரண்டு நிற்கும். நீலம் கூடிவிட்டால் அறைக்கு ஒரு நோய்க்களை வந்துவிடும்; சிட்டிகை என்றால் சிட்டிகையே. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காமல் செதில் செதிலாக உதிரும். அங்கே வெள்ளையோ சந்தன வெளிர்மஞ்சளோ எமல்ஷனாகவே அடித்துக்கொள்ள வேண்டும். கதவு, ஜன்னல் சட்டம், சுவிட்ச் போர்டுப் பெட்டி முதலியவற்றையும் சுவரின் சாயலுக்கே கொண்டுவந்துவிட்டால், சுவர் துண்டு துண்டாக வெட்டுப்படாமல் ஒரே பரப்பாக விரியும்.

கறுத்த தரையும் வெண்சுவரும் சேர்ந்து சிற்றறைக்கு எவ்வளவு கௌரவத்தைக் கொடுக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தாசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா என்ற விடுதி, அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி, ஜார்ஜ் நகாஷிமா போன்றவர்களின் மேற்பார்வையில், 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி முயற்சியால் நிஜாம் அரசாங்கத்தின் நன்கொடை கிடைத்தமையால் அந்தப் பெயர். சாதகர்கள் தங்குவதற்கான சிறிய அறைகளே அதில் இருக்கின்றன. சுவர்களில் சிப்பிச் சுண்ணாம்பில் இழைத்த செட்டிநாட்டுப் பூச்சு. தரையில் கறுப்புக் கடப்பைக் கல். வெளிச்சுவருக்குப் பதிலாக மேலிருந்து கீழ் வரை திருப்பி மூடக்கூடிய பலகை இதழ்கள். தாழ்வாரப் பக்கத்தில் தேக்குச் சட்டங்களை இடைவிட்டுக் கோத்த தள்ளுகதவு. உள்ளே இருப்பவரை வெளியிலிருப்பவர் பார்க்க முடியாது; காற்றுக்கோ தடையில்லை. அங்கே நாம் கற்றுக்கொள்ள வேண்டிய சங்கதி தள்ளுகதவே. மூன்றடிக் கதவு விழுங்குவதாகக் கணக்கிட்ட 7 சதுர அடியையும் அது மிச்சப்படுத்திக் கொடுத்துவிடும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் உட்கதவுகளுக்கேனும் ஆசாரியிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். இயலாதபோது, கதவை அறைக்கு வெளிப்புறமாகத் திறக்கும்படி கீலை மாற்றி அடித்தாலும் அதே பலன் கிடைக்கும்.

கண்ணாடியைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் பாதியைத்தான் எழுதுகிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் அதன் பிம்பம் பின்னால் தெரிவதால், அறை இரட்டிப்பதுபோன்ற பிரமை உண்டாவது மெய்யே. ஆனால் கண்ணாடி எதை இரட்டிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். துணிமூட்டைக்கு எதிரே வைத்த கண்ணாடி இரண்டு துணிமூட்டைகளையே காட்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் வெளிச்சம் கூடுமாயினும் கண்கூச்சமும் கூடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில், வானமும் மரமும் அதில் விழும்படி வைப்பதே தக்க இடம். பிரெஞ்சுத் தேசத்தின் தெற்குக் கடற்கரையில் 1952-இல் லெ கார்புசியே என்ற பேர்பெற்ற கட்டடக் கலைஞர் தமக்கென்று கட்டிக்கொண்ட மரக்குடிசை 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், அதாவது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடி. உயரம் ஏழரை அடிக்கும் குறைவு. சண்டிகர் நகரத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் தம் விடுமுறை வாசத்துக்கு அவ்வளவே போதும் என்று கருதினார். அதன் ஜன்னல் மடிப்புக் கதவுகளின் உட்புறத்தில் அவர் கண்ணாடி பதித்திருந்தபடியால், கதவைத் திறக்குந்தோறும் கடலும் கரையும் அந்தச் சிற்றறைக்குள் விழுந்தன. நம் வீடுகளில் இதற்காகக் கண்ணாடி வாங்க வேண்டியதில்லை. பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டுகளையும் பேர்போட்ட வாழ்த்துகளையும் சுரண்டியெடுத்துவிட்டு, வாசற்சுவரில் நிற்கும் பீரோவை, பக்கத்துச் சுவரிலுள்ள ஜன்னலின் வெளிச்சம் கண்ணாடியில் விழும் இடத்துக்குச் சற்று நகர்த்தினால் போதும்.

இரவில் ஒரே டியூப் லைட்டை ஒரு சுவரின் நடுவில் மாட்டி அறை முழுவதையும் அதனிடம் ஒப்படைத்துவிடுவது எங்கும் காணும் வழக்கம். அப்போது எதிர் மூலைகள் இரண்டும் நிழலில் ஆழ்ந்துவிடுகின்றன. மூலை மறைந்த அறையின் அளவைக் கண் நிர்ணயிக்க முடியாமல், வெளிச்சம் படும் இடத்தையே அறையென்று கொள்கிறது. அந்த டியூபை அணைத்துவிட்டு, வாசலுக்கு எதிர்ப்பட்ட இரு மூலைகளிலும் 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு ஒவ்வொன்றை, கூரையையும் சுவரையும் நனைக்கும்படி மாட்டிப் பாருங்கள். படிக்கிற குழந்தைக்குத் தனியே ஒரு மேஜை விளக்கு இருக்கட்டும்.

சுவரில் மாட்டும் படங்கள், நாட்காட்டிகள் விஷயத்தில் நம்மவர்களுக்குக் கைத்தாராளம் அதிகம். மளிகைக்கடை நாட்காட்டி, நகைக்கடை நாட்காட்டி, மறைந்த தாத்தாவின் படம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பரிசு என்று ஆணி கிடைத்த இடத்திலெல்லாம் தொங்குபவற்றைத் திரட்டி, ஒரே சுவரில், கீழ்விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஒரு வரிசையாக்கிவிடலாம். மற்ற மூன்று சுவர்களும் வெறுமையாகவே இருக்கட்டும். வெறுஞ்சுவரைக் கண்டு ஏழ்மை என்று எண்ணுகிற காலம் போய்விட்டது.

விலக்க வேண்டியவை இரண்டொன்று உண்டு. ஜிப்சம் பலகையால் பொய்க்கூரை போட்டு அதில் வண்ண விளக்குகளைப் பதிப்பது, இருக்கும் உயரத்தில் முக்கால் அடியைக் குறைப்பதோடு, கூரை ஒழுகும் நாளில் ஊறித் தொங்கும். சுவர்க் காகிதமும் அப்படியே. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயலையும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலையும், அதையொட்டி மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழையையும் கண்ட பிரதேசம் இது. இங்கே சுவர் ஈரத்தை வாங்கும். வாங்கியதை வெளியே விடவும் அதற்கு வழியிருக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் அதைச் செய்யும். காகிதமோ பிளாஸ்டிக் தகடோ ஒட்டிய சுவர் செய்யாது. இதே காரணத்துக்காகக் கட்டிலையும் பீரோவையும் சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளி நிறுத்துவது, சாமானுக்கும் சுவருக்கும் நல்லது. அறைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இவற்றையெல்லாம் செய்வதற்கு உகந்த தருணம் மார்கழிக் கடைசி. போகிக்கு முன் வெள்ளையடிப்பதற்காக எப்படியும் சாமான்களைத் திண்ணைக்கும் வாசலுக்கும் எடுத்துவரப் போகிறீர்கள். அடித்து முடித்த அன்றே அவற்றை உள்ளே ஏற்றிவிடாமல், வீட்டாரின் முணுமுணுப்பைச் சற்றுச் சகித்துக்கொண்டு, பாயையும் விளக்கையும் மட்டும் உள்ளே வைத்து இரண்டு மூன்று நாள் இருந்து பார்த்து, பிறகு எது எது தேவைப்படுகிறதோ அதை மட்டும், முதலில் பீரோ, அடுத்துக் கட்டில் என்ற வரிசையில், ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். மாட்டுப்பொங்கல் கழிந்தும் திண்ணையிலேயே கிடப்பதை, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். இந்த அதிகாரத்தில் சொன்ன காரியங்களுக்காகப் பெரும்பாலோர் கடையில் வாங்க வேண்டியவை சுண்ணாம்பு, கோந்து, நீலம், பல்பு இரண்டு, திரைக் கம்பி ஒன்று, கதவைத் திருப்பி மாட்டுவதானால் கீல் ஒரு ஜோடி ஆகியவையே.